ஒன்பதுக்கு ஒன்பது

"ஒன்பதுக்கு ஒன்பதா?"

ஆய்வகத்திலிருந்து முடிவு வந்திருந்த செல்போனை ஷோபனா கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு தூர வைத்துப் பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் பாசிட்டிவ்தான்.

திருவிடைமருதூரை அடுத்த அந்தக் கிராமத்துக்கு அவள் நர்சாக வந்து ஆறு மாதம் ஆகிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முன்கூட்டியே ஒரு சோதனை என்றதும் ஊர்ப் பெண்கள் முந்தானையை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். சரி என்று சொன்னது, கூட்டாக நாற்று நடப் போகும் நடவு செட்டுப் பெண்கள் ஒன்பது பேர் மட்டும்தான். டாக்டர் முன்னால் படுக்க வேண்டாம், வீட்டிலேயே பஞ்சுக் குச்சியால் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுத்தால் போதும் என்று சொல்லி, ஆளுக்கொரு குழாயில் பெயர் ஒட்டிக் கொடுத்தாள். மறுநாளே செட்டில் வாய் திறக்காதவளான அமிர்தம் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். வேலை இவ்வளவு சுலபமா என்று ஷோபனா அன்று கேசரி கிண்டிச் சாப்பிட்டாள்.

இப்போது அந்தக் கேசரி நெஞ்சில் நின்றது. இந்த ஒன்பது பேர் மிரண்டால், இந்தப் பக்கத்தில் இனி ஒருத்தியும் குச்சியைத் தொட மாட்டாள்.

ரகசியம் வெளியே போகக் கூடாதென்று ஒவ்வொருத்தியையும் தனியாகக் கூப்பிட்டாள்.

"இது புத்துநோய் இல்லக்கா. பின்னால அதைக் கொண்டுவரக்கூடிய ஒரு கிருமி. டாக்டர் ஒரு தடவை பாத்துட்டாப் போதும். யார்கிட்டயும் சொல்ல வேணாம்."

யாரும் சொல்லவில்லை, மதியம் வரப்பில் உட்கார்ந்து சோற்றுத் தூக்கைத் திறக்கும் வரைக்கும்.

சாயங்காலம் பொன்னுத்தாயின் கணவன் தங்கையன், மற்றக் கணவன்மாரைப் பின்னால் நிறுத்திக்கொண்டு வந்து நின்றான்.

"நர்சம்மா, அது எப்புடி வருது?"

உண்மையைச் சொன்னால் பயம் தெளியும் என்று ஷோபனா நம்பினாள்.

"ஆம்பள பொம்பள சேர்க்கையில வர்றதுதாண்ணே. நிறையப் பேருக்கு வரும், தானாவே போயிடும். எந்தக் காலத்துல வந்துச்சுன்னுகூட சொல்ல முடியாது. யாரு மேலயும் குத்தம் கெடையாது."

தங்கையன் முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டான்.

"சேர்க்கையில வருது. ஒன்பது வீட்டுலயும் வந்துருக்கு. அப்ப ஒன்பது வீட்டுக்கும் போய்ட்டு வர்றவன் எவன்?"

விடை மறுநாள் காலை ஷோபனாவின் வாசலில் நிறைந்த கேனோடு நின்றது. பால்காரர் செல்லதுரை.

"ஒன்பது வீட்டுலயும் பால் வேணாங்கறாங்கம்மா! எனக்கு ரெண்டு முட்டியும் போயிடுச்சு. வண்டிய விட்டு எறங்கறதே இல்ல. உக்காந்தபடியே ஊத்திட்டுப் போறவன் நான்!"

"நீங்க கவலைப்படாதீங்க. நான் பேசறேன்."

பேசினாள். டீக்கடையில் நின்று, "செல்லதுரை ஐயாவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்று கணீரென்று அறிவித்தாள். அதுவரை சந்தேகப்படாத பாதி ஊரும் அதற்குப் பிறகு சந்தேகப்பட்டது. செல்லதுரையின் மனைவி மட்டும், "யாரு, இந்த ஆளா?" என்று கேட்டுச் சிரித்ததில் அவளுக்குப் புரையேறிவிட்டதாம். மனிதர் அதில்தான் ரொம்ப நொந்துபோனார்.

கடைசியில், வயலோரம் செல்லதுரையை மடக்கி விசாரித்துக்கொண்டிருந்த கணவன்மாரிடம் பொன்னுத்தாய்தான் நாற்று முடியைக் கரையில் போட்டுவிட்டு ஏறி வந்தாள்.

"பால்காரரை விசாரிக்கிறீங்களே, திருப்பூர்ல நாலு வருசம் தனியா இருந்தது யாரு? பால்காரரா?"

தங்கையன் வானத்தைப் பார்த்தான். மேகம் எதுவும் இல்லை.

"நல்லதோ கெட்டதோ, டாக்டரைப் பாத்துத் தெரிஞ்சுக்குவோம். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. போய் வேனைச் சொல்லிட்டு வாங்க."

அரை மணி நேரத்தில் வேன் வந்தது. பெண்கள் வேனில், கணவன்மார் பைக்கில், மானத்தை மீட்க வேண்டிய செல்லதுரை தன் வண்டியில் என்று ஒரு ஊர்வலமே கும்பகோணம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது.

டாக்டர் குந்தவை ஒவ்வொருவராக உள்ளே அழைத்துப் பார்த்தார். ஷோபனா வெளியே நகம் கடித்தாள். ஒரு வழியாகக் கதவு திறந்தது.

"எட்டுப் பேருக்கு ஒரு கோளாறும் தெரியல. அமிர்தம்ங்கிற அம்மாவுக்கு மட்டும் சின்னதா ஒரு மாற்றம். புற்றுநோயா மாறப் பல வருஷம் ஆகும். அந்த இடத்துல கருவியால சூடு வச்சு இப்பவே சரி பண்ணிட்டேன். நீங்க அந்தக் குச்சியைக் குடுக்கலன்னா தெரிஞ்சே இருக்காது, ஷோபனா."

ஷோபனாவுக்கு இரண்டு நாளாக நின்றிருந்த மூச்சு திரும்பி வந்தது. பொன்னுத்தாய் தங்கையனைப் பார்த்த பார்வையில் அவன் செல்லதுரையிடம் போய், "அண்ணே, நாளைலேருந்து ஒரு லிட்டரா ஊத்துங்க" என்றான்.

"ஆனா ஒன்பதுக்கு ஒன்பதும் பாசிட்டிவ்னு நான் பார்த்ததே இல்ல" என்று டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "எதுக்கும் மத்த எட்டுப் பேருக்கும் புதுசா ஒரு மாதிரி எடுத்துருவோம்."

ஷோபனா எட்டுக் குச்சிகளை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளறையிலிருந்து மெல்ல நடந்து வந்த அமிர்தம் அவற்றைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றாள்.

"திரும்ப நானேவா, நர்சம்மா? நெல்லு கொள்முதல் நிலையத்துல ஒரு குவியலுக்கு ஒரு கைப்பிடிதானே அள்ளிப் பாக்குறாங்கன்னு, போன தடவையே எங்க செட்டு மொத்தத்துக்கும் சேத்து நான் ஒருத்தியேதானே ஒன்பது குச்சியும் குடுத்தேன்!"