முப்பது நாளில் பதினெட்டுக் கிலோ

என் மகளுக்கு மூன்று மாதம் முடிந்திருந்தபோது, நான் ஏழு மாதக் கர்ப்பிணி என்று ஒருவரிடம் பொய் சொல்லியிருக்கிறேன். இதை இவ்வளவு காலமும் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம். இப்போது எழுதுவதற்குக் காரணம், வெட்கப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும், அது இப்போது என்னிடம் இல்லை என்பதுதான்.

வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கையிலை வாங்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத ஒரு அம்மா என் வயிற்றைப் பார்த்துக் கனிவோடு கேட்டார்.

"எத்தனையாம் மாசம், பிள்ளை?"

பிள்ளை பிறந்து வீட்டில் கிடக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் வெட்கப்படுவார், நான் அவரைச் சமாதானப்படுத்த வேண்டும். முதல்நாள் நான் மொத்தமாக இரண்டு மணித்தியாலம்தான் நித்திரை கொண்டிருந்தேன். யாரையும் சமாதானப்படுத்தும் நிலையில் இல்லை. "ஏழு" என்றேன். அந்த அம்மா ஆண்பிள்ளை பிறக்கட்டும் என்று வாழ்த்தி, தான் வாங்கிய முருங்கையிலையில் பாதியை என் பையில் வைத்துவிட்டுப் போனார். இல்லாத பிள்ளைக்கு ஆசீர்வாதமும், இருக்கிற பிள்ளைக்குப் பால் சுரக்க இலையும் வாங்கிக்கொண்டு வீடு வந்தேன்.

வந்தவுடன் செய்த முதல் வேலை, சமையலறைக் கலண்டரை இறக்கி முப்பது நாள் எண்ணியது. சரியாக முப்பதாவது நாள் கணவரின் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கனடா. வீடியோ எடுப்பார்கள், அந்த வீடியோ கனடா முழுக்கச் சுற்றும். என் கல்யாணத்தன்று நான் நாற்பத்தெட்டுக் கிலோ. அன்றைக்கு அறுபத்தாறு. ஆகவே முப்பது நாளில் பதினெட்டுக் கிலோ. கூட்டல் கழித்தலில் நான் எப்போதும் கெட்டிக்காரி. அந்தத் திகதியில் 48 என்று எழுதி வட்டம் போட்டேன். என் கல்யாணச் சேலைச் சட்டையை எடுத்து அலுமாரிக் கதவில் கொளுவியும் வைத்தேன் (அதன் கைக்குள் அப்போது என் மணிக்கட்டுக்கு மேல் எதுவும் போகாது).

கிளினிக் மிட்வைஃபிடம் இந்தத் திட்டத்தைச் சொன்னேன். அவர் பிள்ளையை நிறுத்துக்கொண்டே, பால் கொடுக்கிற தாய் மாதத்துக்கு ஒரு கிலோ, மிஞ்சினால் இரண்டு கிலோ குறைந்தால் போதும், பட்டினி கிடக்க வேண்டாம், ஒன்பது மாதம் ஏறினது ஒரு மாதத்தில் இறங்காது என்றார். அது மற்றத் தாய்மாருக்குச் சொல்கிற கதை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வைராக்கியம் இருந்தது. வைராக்கியத்தோடு அம்மாவும் இருந்தார், அதுதான் பிரச்சினை.

அம்மா பேறு பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாதத்துக்கென்று வந்தவர். வந்தபின் சண்டை மூண்டு, ஊருக்குப் போகிற தரைப்பாதையைப் பூட்டிவிட்டார்கள். கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்த அந்த மாதங்களில், ஊருக்குப் போக முடியாத கவலை முழுவதையும் என்னைச் சாப்பிட வைப்பதில் காட்டினார். காலையில் நல்லெண்ணெயில் பொரித்த முட்டை. மத்தியானம் பத்தியச் சரக்குத்தூள் போட்ட கறியும், பால் ஊறுமென்று பால்சுறா மீன் வறையும். நான் சோற்றைப் பாதியாகக் குறைத்தால், மற்றப் பாதியைக் கோப்பையோடு தூக்கிக்கொண்டு பின்னால் வருவார். முதல் ஒன்பது நாளில் நான் குறைத்தது ஒரு கிலோ. அதில் பெரும்பகுதி தலைமயிர் என்று நினைக்கிறேன். அந்த நாட்களில் அது கொத்துக் கொத்தாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

மேல்வீட்டு பரீதா தாத்தாதான் வழி சொன்னார் (தாத்தா என்றவுடன் கிழவர் என்று நினைக்க வேண்டாம், முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள்). அவருடைய மச்சி ஒருத்தி வயிற்றில் சிலிசின் பைகளைச் சுற்றி, மேலே துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு விறுவிறு என்று நடந்தாளாம். கொழுப்பெல்லாம் வேர்த்து ஊற்றி, பெருநாளுக்குப் பழைய சல்வாரையே போட்டாளாம். சிலிசின் பை என்று நாங்கள் சொல்வது கடைகளில் தருகிற பொலித்தீன் பைகளை. எங்கள் வீட்டில் அம்மா அவற்றைக் கழுவி மடித்துச் சேர்த்து வைத்திருந்தார். கச்சாப்பொருள் வீட்டிலேயே இருந்தது.

பத்தாம் நாள் காலை, பிள்ளைக்குப் பால் கொடுத்து நித்திரையாக்கினேன். ஆறு பைகளை வயிற்றில் சுற்றி, அம்மாவின் பழைய பருத்திச் சேலைக் கிழிசலால் மூச்சு முட்ட இறுக்கி, மேலே தொளதொள என்று ஒரு கவுனைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டேன். அது இல்லாமல் குப்பை கொட்டக்கூட அந்த நாட்களில் நாங்கள் வெளியே போவதில்லை. காலி நகருக்குப் போகிற காலி வீதியில் இறங்கி வேகமாக நடந்தேன். நன்றாகவே வேர்த்தது. மிட்வைஃபுக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணியபடி கால்வாய்ப் பாலத்தடிக்கு வந்தபோது, முதல்நாள் இல்லாத ஒரு சோதனைச் சாவடி அங்கே முளைத்திருந்தது.

திரும்பி நடந்தால் சந்தேகம். நடக்காவிட்டாலும் சந்தேகம். வரிசையில் நின்றேன். பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பொலிஸ்காரி நின்றாள். என் வயதுதான் இருக்கும். என் முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டாள், உள்ளே பிள்ளை இருக்கிறதா என்று.

ஒரு விஷயத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கணத்தில் நான் பயந்தது வெடிகுண்டுச் சந்தேகத்துக்கு அல்ல. பத்துப் பேர் வரிசையில் நிற்க, "இல்லை, இது வெறும் வயிறு" என்று சொல்வதற்குத்தான். கர்ப்பிணி என்றால் வயிற்றைத் தொடமாட்டாள், சீக்கிரம் விட்டுவிடுவாள் என்றும் ஒரு கணக்கு. "ஒவ்" என்றேன், சிங்களத்தில் ஆம். எத்தனை மாதம் என்றாள். "ஹதய்" என்றேன். ஏழு. சந்தையில் செய்த ஒத்திகை கைகொடுத்தது.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, கர்ப்பிணியைத் தொடுவதுபோல மெதுவாக, உள்ளங்கையை என் வயிற்றில் வைத்தாள்.

வயிறு சரசரத்தது.

அவள் சிரிப்பு போன வேகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. பின்னால் பாய்ந்து ஏதோ சொன்னாள். எனக்குப் பின்னால் நின்ற வரிசை காணாமல் போயிற்று. மூன்று துப்பாக்கிகள் என் பக்கம் திரும்பின. கையை மேலே தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். காலி வீதியில் இரண்டு பக்கமும் வாகனங்கள் நின்றன. வீதியின் நடுவே, வானத்துக்குக் கையைத் தூக்கிக்கொண்டு, வேர்வை ஒழுக ஒழுக நின்றேன். உள்ளே கொழுப்பு உருகிக்கொண்டிருந்ததா தெரியாது. நான் உருகிக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒரு சார்ஜன்ட், தூரத்தில் ஒரு லொறிக்குப் பின்னால் நின்றபடி, கட்டியிருப்பதை நீயே மெதுவாக அவிழ் என்று சொன்னார். கவுனுக்குள் கையை விட்டு அவிழ்த்தேன். முதலில் சேலைத் துண்டு வந்தது, நீளமாக, முடிவில்லாமல். பிறகு பைகள் ஒவ்வொன்றாக வந்தன. புடவைக் கடைப் பை. மருந்துக் கடைப் பை. பேக்கரிப் பை. மீன் வாங்கின பையை அம்மா எவ்வளவு கழுவினாலும் மீன் வாங்கின பை என்று தெரியும். ஆறையும் வீதியில் வரிசையாக வைத்தேன். நின்றுபோன பஸ்ஸின் யன்னல்களில் இடமே இல்லை, அவ்வளவு தலைகள்.

குண்டு இல்லை என்று தெரிந்தபின்னும் விடவில்லை. விடமுடியாதுதான். பிள்ளை இருக்கிறது என்று ஏன் பொய் சொன்னாய்? அடையாள அட்டையில் இருப்பது யார்? அதிலிருந்தது பதினாறு வயதில் எடுத்த படம். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய, இரட்டைப் பின்னலோடு ஒரு பெண். விலாசம் யாழ்ப்பாணம். சார்ஜன்ட் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. கண்ணாடி பார்க்கும்போது நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நாட்களில் ஸ்டேஷனுக்குப் போனவர்கள் சிலர் பின்னேரம் வீடு வந்தார்கள், சிலர் வருடக்கணக்கில் வரவில்லை. வாங்குப் பலகையில் இருந்தபோதுதான் எனக்கு அது விளங்கத் தொடங்கியது. ஒன்பதரை மணி. பிள்ளை எழும்பியிருப்பாள். அம்மா அவளுக்குக் கொத்தமல்லித் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பார், அவள் வாயைத் திறக்கமாட்டாள். அவள் அழுவதை நினைத்தேன், அவ்வளவுதான், எனக்குப் பால் சுரந்துவிட்டது. கவுனின் முன்பக்கம் இரண்டு வட்டங்கள் விரிந்தன. மறைக்கச் சேலைத் துண்டும் இல்லை. அது மேசையில் தடயப் பொருளாக இருந்தது.

எதிரே நின்ற பொலிஸ்காரி அதைப் பார்த்தாள். பிறகு கிட்ட வந்து குனிந்து, பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கேட்டாள். இந்த முறை உண்மையைச் சொன்னேன். மூன்று. அவள் சார்ஜன்டிடம் போய் நீளமாகக் கதைத்தாள். அவர் என் கவுனைப் பார்க்காமல், தொலைபேசியை மட்டும் என் பக்கம் தள்ளினார். பரீதா தாத்தா வீட்டு நம்பரைச் சொன்னேன்.

அரை மணித்தியாலத்தில் கணவர் வந்தார். சேட்டுப் பொத்தான்களை ஒன்று மாறிப் போட்டிருந்தார். ஒரு கையில் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும், வெளியூர்த் தமிழர் இங்கே தங்குவதற்குப் பொலிஸில் பதிந்து வாங்க வேண்டிய பதிவுத் துண்டும் இருந்தன. பின்னால் அம்மா, அம்மாவின் கையில் அலறிக்கொண்டு என் மகள்.

என் கணவர் பகிடி விடுகிற ஆள் இல்லை. காப்புறுதிக் கம்பனியில் வேலை. எதையும் இரண்டு தரம் சரிபார்த்துத்தான் வாய் திறப்பார். சார்ஜன்ட் அட்டையை நீட்டி, இது உங்கள் மனைவியா என்று கேட்டார். இவர் அட்டையை வாங்கி, படத்தை உற்றுப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். பொய் சொன்னால் மாட்டிவிடுவோம் என்ற பயத்தில், உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"இவதான், சேர். ஆனா, இதில பாதிதான் இருக்கு."

சார்ஜன்ட் சிரித்தார். பொலிஸ்காரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மாவும் சிரித்துவிட்டார். ஏன் கட்டினாய் என்று சார்ஜன்ட் கடைசியாகக் கேட்டார். வயிற்றுக் கொழுப்புக் குறைக்க என்று நான் சொல்லி முடிக்குமுன், அம்மா பின்னாலிருந்து, "கொழுப்புத்தான் சேர், சின்ன வயசிலயிருந்தே" என்றார்.

பக்கத்து அறையில் வைத்துப் பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். பொலிஸ்காரி கதவை மறைத்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள். பிள்ளை விக்கி விக்கிக் குடித்தாள். எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது. பொலிஸ்காரி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள், தனக்கும் ஒரு மகன், இரண்டு வயது, ஊரில் தன் தாயோடு இருக்கிறான், மாதம் ஒருமுறைதான் பார்க்க முடிகிறது என்று. பிறகு தன் யூனிஃபோர்ம் பெல்டின் நுனியைத் தூக்கிக் காட்டினாள். கடைசி ஓட்டையில் இருந்தது. அதுவும் ஆணியால் குத்திய ஓட்டை.

"மடத் அடுவென்னே நே," என்றாள். எனக்கும்தான் குறையுதில்லை.

பைகளைத் திருப்பித் தந்தார்கள். அம்மா எண்ணி வாங்கினார்.

அதற்குப் பிறகு நான் மிட்வைஃப் சொன்னபடி கேட்டேன். மாதம் ஒரு கிலோ, சில மாதங்களில் அரை, பல மாதங்களில் அதுவும் இல்லை. கல்யாணத்துக்கு, சட்டையின் இரண்டு பக்கமும் தையற்காரர் துணி வைத்துப் பெருப்பித்துத் தந்தார். வீடியோவில் நான் எப்போதும் யாருக்காவது பின்னால்தான் நிற்கிறேன். இரண்டு வருடத்தில் பதினொரு கிலோ குறைந்தது. மற்ற ஏழும் பொலிஸ் பதிவு இல்லாமலே என்னோடு நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. அடையாள அட்டையையும் மாற்றினேன். என்னை அந்தப் படத்துக்குக் கொண்டுபோவதைவிடப் படத்தை என்னிடம் கொண்டுவருவது சுலபமாக இருந்தது.

"பாதிதான் இருக்கு" என்பது வீட்டில் நிலைத்துவிட்டது. மகள் அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தாள். என் பழைய படம் எங்கே கண்ணில் பட்டாலும் யாராவது ஒருவர் சொல்லாமல் விடமாட்டார்கள். நான் சிரிக்கமாட்டேன். ஸ்டேஷனில் சிரிக்காததால் பிறகு சிரிப்பது சரியில்லை என்று ஒரு பிடிவாதம்.

போன வருடம் கணவருக்கு வருத்தம் வந்து, நாலு மாதத்தில் ஆள் வற்றிப்போனார். ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போனபோது, கவுன்டரில் இருந்த பிள்ளை அவருடைய அடையாள அட்டையை வாங்கி, படத்தில் இருந்த கொழுத்த கன்னத்தைப் பார்த்தாள். சக்கர நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள். தயங்கி, இவரா அது என்று என்னிடம் கேட்டாள்.

"இவர்தான் பிள்ளை," என்றேன். "ஆனா பாதிதான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன்."

அவர் சிரித்தார். நாலு மாதத்துக்குப் பிறகு, தோள் குலுங்கக் குலுங்க, இருமல் வரும்வரை சிரித்தார். அன்றைக்கு நானும் சிரித்தேன்.