விளக்குமாறு ஆண்பால்

எனக்கு இரண்டு பேரிடம் பயம். ஒருவர் எங்கள் மேனேஜர். இன்னொருவர் யார் என்று கல்யாணமானவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகாதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. நல்லவேளையாக இந்த இரண்டு பயமும் இதுவரை வேறு வேறு கட்டடத்தில் இருந்தன. ஒன்பதரையிலிருந்து ஆறு மணி வரைக்கும் ஒன்று, மிச்ச நேரத்துக்கு இன்னொன்று. போன மாதம் ஒரு சுற்றறிக்கை வந்து இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டது.

எங்களுடையது பூட்டு கம்பெனி. நான் புகார்ப் பிரிவு. பூட்டினால் திறக்கவில்லை, திறந்தால் பூட்டவில்லை என்று எழுதுகிறவர்களுக்கெல்லாம், தங்கள் மேலான கடிதம் கிடைத்தது என்று பதில் போடுவதுதான் பத்தொன்பது வருஷமாக என் பிழைப்பு. இப்போது எங்கள் கம்பெனியை ஒரு பிரெஞ்சுக் கம்பெனி வாங்கிவிட்டது. வேலையில் சேரும்போது பிரெஞ்சு தெரியும் என்று விண்ணப்பத்தில் எழுதிய எல்லோருக்கும் மூன்று வாரத்தில் வாய்மொழித் தேர்வு. தலைமை ஆபீஸிலிருந்து ஒரு அம்மா வருகிறார். தேறாதவர்கள் பொய்த் தகவல் கொடுத்தவர்களாகக் கருதப்படுவார்கள். கருதப்பட்ட பிறகு என்ன ஆகும் என்று சுற்றறிக்கையில் இல்லை. அதை எழுதியிருந்தால்கூட ஒரு ராத்திரியாவது தூங்கியிருப்பேன்.

எல்லோருக்கும் என்றால் நான் ஒருவன்தான். அந்த விண்ணப்பத்தில் தெரிந்த மொழிகள் என்று போட்டு மூன்று கோடு விட்டிருந்தார்கள். இரண்டை நிரப்பிவிட்டேன். மூன்றாவது கோடு சும்மா கிடந்து உறுத்தியது. பிரெஞ்சு என்று எழுதிவிட்டேன். அந்த வயசில் அதெல்லாம் ஒரு பொய்யாகவே தெரியவில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் மேனேஜர் பயத்தோடு போயிருக்கும். கல்யாணப் பேச்சு நடந்தபோது பெண்ணின் அப்பா, மாப்பிள்ளைக்கு வேறென்ன தெரியும் என்று கேட்டார். பிரெஞ்சு என்றேன். கொஞ்சம் பேசிக் காட்டுங்களேன் என்றார். வேறு வழியில்லாமல் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, சளி பிடித்தவன் மாதிரி இரண்டு நிமிஷம் பேசினேன். மாமனார் அசந்துபோனார். கதவோரம் நின்ற பெண் குனிந்த தலை நிமிரவில்லை. தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து பதினாறு வருஷமாக என் வீட்டுக்காரி முன்னால் நான் பிரெஞ்சு தெரிந்தவன். குழாயைப் பழுதுபார்த்து வீட்டை வெள்ளக்காடாக்கிய நாளில் என் மேலிருந்த மரியாதையில் பாதி போனது. அவள் தம்பியின் ஸ்கூட்டரைச் சாக்கடையில் இறக்கியபோது மீதியும் போனது. பிரெஞ்சு ஒன்றுதான் பாக்கி. அதுவும் போனால் வீட்டில் எனக்கும் கோட் ஸ்டாண்டுக்கும் வித்தியாசம் இருக்காது. அதனால் தேர்வைப் பற்றி அவளிடம் மூச்சு விடவில்லை. அவளுக்குத் தெரியாமல் படித்து, அவளுக்குத் தெரியாமல் தேறிவிடுவது என்று முடிவு செய்தேன்.

என்ன படிப்பது என்று எங்கள் டைப்பிஸ்ட் அம்மாள் விசாரித்துச் சொன்னார். வருகிற அம்மா அறையைச் சுற்றி நடந்து ஒவ்வொரு சாமானாகக் கை காட்டுவாராம். அதன் பெயரையும், அது ஆணா பெண்ணா என்பதையும் சொல்ல வேண்டுமாம். உச்சரிப்பு தப்பினால் மன்னிப்பாராம். ஆணைப் பெண்ணாக்கினால் மன்னிப்பே கிடையாதாம். போன ஊரில் நாலு பேரை அப்படித்தான் வீட்டுக்கு அனுப்பினாராம்.

பழைய புத்தகக் கடையில் ஒரு பிரெஞ்சுப் புத்தகம் வாங்கி, செருப்பு அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். திறந்து பார்த்ததும் தலை சுற்றியது. நம் மொழியில் நாற்காலி என்றால் நாற்காலிதான், அஃறிணை, அதன் அந்தரங்கத்தில் நாம் தலையிடுவதில்லை. அவர்களுக்கு நாற்காலி பெண். மேஜையும் பெண். கட்டில் ஆண். சட்டை பெண்ணாம், பேன்ட் ஆணாம். காலையில் உடுத்துவதற்கே கூச்சமாகிவிட்டது. பொய் ஆண், உண்மை பெண் என்று ஒரு பக்கத்தில் போட்டிருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு எழுதியிருக்கிறான். எல்லாவற்றையும்விட, மீசை பெண்பால். இருபத்தைந்து வருஷமாக எதை நம்பி நிமிர்ந்து நடந்தேனோ அது இப்படிக் கைவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மனசில் எதுவும் நிற்கவில்லை. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. நீலச் சீட்டு ஆணுக்கு, சிவப்புச் சீட்டு பெண்ணுக்கு. அவள் சாயங்காலம் நடைக்குப் போகிற முக்கால் மணி நேரத்தில் வீட்டுச் சாமான் எல்லாவற்றிலும் பெயரை எழுதி ஒட்டிவிட்டேன். வெளியே ஒட்டினால் மாட்டிக்கொள்வோம் என்று எல்லாவற்றையும் அடியில் ஒட்டினேன். கட்டிலுக்கு அடியில், சோபாவுக்கு அடியில், பீரோவின் கால் பக்கம். அங்கெல்லாம் யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு தைரியம். பதினாறு வருஷமாக அந்த வீட்டைப் பெருக்குகிறவள் எவ்வளவு குனிந்து பெருக்குவாள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நான் பெருக்கியிருந்தால் அல்லவா தோன்றும்.

ஒட்டியாகிவிட்டது. படிப்பது எப்படி? சும்மா போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்தால் கேள்வி வரும். மறுநாள் காலை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"இனிமே வீட்டை நான் பெருக்கறேன்."

அவள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினாள். "உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னார்."

"எந்த டாக்டர்?"

"மேல் வீட்டு டாக்டர்."

"அவர் பல் டாக்டர்."

"குனிஞ்சு நிமிர்ந்தா ஈறுக்கு ரத்தம் ஓடுமாம்."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். எனக்குக் காது சுட்டது. அப்புறம் போய் விளக்குமாற்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அவள் இவ்வளவு சுலபமாக ஒன்றை ஒப்புக்கொண்டால் ஓடிவிட வேண்டும். நான் பெருக்கினேன்.

முதல் நான்கு நாள் நன்றாகப் போனது. குனிவேன், படிப்பேன், முனகுவேன், பெருக்குவேன். ஐந்தாம் நாள் விளக்குமாற்றின் பிடியில் ஒரு நீலச் சீட்டு இருந்தது. விளக்குமாறு, ஆண்பால். நான் அதை ஒட்டவில்லை. விளக்குமாற்றுக்கு பிரெஞ்சில் என்ன பெயர் என்றே எனக்குத் தெரியாது. கை கால் ஓடவில்லை. சமையலறையில் அவள் பாட்டுக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நீயா ஒட்டினாய் என்று கேட்கலாம். கேட்டால், எதை என்பாள். இதை என்றால், இது என்ன என்பாள். அதோடு பதினாறு வருஷம் முடிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் குடையைப் பார்த்தேன். நான் சிவப்பு ஒட்டியிருந்தேன், அது நீலமாகியிருந்தது. புத்தகத்தைப் புரட்டினேன். நான்தான் அவசரத்தில் தப்பாக எழுதியிருக்கிறேன். அதாவது, என் வீட்டில் யாரோ என்னைவிட நன்றாக பிரெஞ்சு தெரிந்தவர் நடமாடுகிறார். இது மேனேஜர் வைத்த ஆளோ? இல்லை, இந்த வீட்டில் முன்னால் குடியிருந்து செத்துப்போன பிரெஞ்சுக்காரர் யாராவது? அன்றைக்கு முழுக்க முதுகைச் சுவரோடு ஒட்டவைத்துக்கொண்டே நடந்தேன்.

நானே தூக்கத்தில் எழுந்து எழுதுகிறேனோ என்றும் ஒரு சந்தேகம். படிக்கட்டில் பல் டாக்டரைப் பிடித்து, அப்படி நடக்குமா என்று கேட்டேன். சீட்டை வாங்கிப் பார்த்தார். என் கையெழுத்தில் ஒரு வரி எழுதச் சொல்லி அதையும் பார்த்தார். தூக்கத்தில் எழுதுகிறவர்கள் உண்டு, ஆனால் தூங்கினால் கையெழுத்து அழகாகும் என்று எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை என்றார். போகும்போது, ஈறு எப்படியிருக்கிறது, வீட்டில் விசாரித்தார்கள் என்றார். எனக்கு வியர்த்துவிட்டது.

அதற்குப் பிறகு சீட்டுகள் பெருக ஆரம்பித்தன. அதுவும் எங்கே? ஃபேன் இறக்கையின் மேல் பக்கம். அடுப்புக்குப் பின்னால், பிசுக்குமேலேயே, பிசுக்கு, பெண்பால் என்று. குளியலறைச் சாக்கடை மூடியில். பீரோவை நகர்த்திய இடத்தில் தூசி மேல் ஒட்ட முடியாமல் சும்மா வைத்திருந்தது: தூசி, பெண்பால். மூலையில் ஒட்டடை, அதுவும் பெண்பால். தேர்வில் எது வரும் என்று யார் கண்டது? ஒன்றையும் விட எனக்குப் பயம். ஏணி போட்டு ஏறினேன், படித்தேன், படித்த கையோடு துடைத்தேன். சீட்டைப் பார்க்க வேண்டுமானால் முதலில் அழுக்கைச் சுரண்ட வேண்டியிருந்தது. மூன்று வாரத்தில் எங்கள் வீடு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. நான் துடைக்கும் துணி மாதிரி ஆகிவிட்டேன். அவள் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு வாரப்பத்திரிகை படித்தாள். நடுவில் ஒரு தடவை, அந்த ஜன்னல் கம்பிக்குப் பின்னாலயும் பார்த்தீங்களா என்று கேட்டாள். பார்த்தேன். சீட்டு இருந்தது.

தேர்வு நாள் வந்தது. மேனேஜர் அறையில், அவர் நாற்காலியில், அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். மேனேஜர் நின்றுகொண்டிருந்தார், அவர் நின்று நான் பார்த்ததில்லை, அதுவே எனக்கு நடுக்கத்தைக் கொடுத்தது. அம்மா பேனாவை நீட்டிக் கதவைக் காட்டினார். பெயரைச் சொல்லி, பெண் என்றேன். ஜன்னல், பெண். சுவர், ஆண். குப்பைத் தொட்டியைக் காட்டியபோது என் இடுப்பு தானாகக் குனிந்தது. பெண் என்று நிமிர்ந்தேன். பிறகு மூலையில் சாய்த்து வைத்திருந்த தன் குடையைக் காட்டினார். நாக்கு நுனிவரை சிவப்பு வந்துவிட்டது. சட்டென்று அந்த நீலச் சீட்டு கண்ணில் தெரிந்தது. ஆண் என்றேன். அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். கடைசியாகப் பேனா என் முகத்துக்கு நேரே வந்து மூக்குக்குக் கீழே நின்றது. மேனேஜர் பார்க்கிறார். டைப்பிஸ்ட் அம்மாள் பார்க்கிறார். வேலையா மானமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.

"பெண்" என்றேன்.

தேறிவிட்டேன். மேனேஜர் கை குலுக்கினார். ஆபீஸ் பயம் அன்றோடு போனது. ஆனால் வீட்டுக்கு நடக்கிற வழியில் மனசு கேட்கவில்லை. வேலையைக் காப்பாற்றியது என் படிப்பு இல்லை, அந்த நீலச் சீட்டு. அதை எழுதியது பேய் இல்லை, யார் என்பது எனக்குக்கூட அதற்குள் விளங்கியிருந்தது. இவ்வளவு செய்தவளிடம் இன்னும் பொய்யைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம், என்ன ஆனாலும் ஆகட்டும், உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று தீர்மானித்தேன். தீர்மானித்த பிறகும் எங்கள் தெருவை மூன்று தடவை சுற்றினேன்.

அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் நின்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். விண்ணப்பம், அவள் அப்பா, மூக்கு, எல்லாம். குரல் நடுங்கியது. அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்போலேர்ந்து?"

"நீங்க அன்னிக்குப் பேச ஆரம்பிச்ச உடனே."

"எப்படித் தெரியும்?"

"நான் காலேஜ்ல என்ன படிச்சேன்?"

எனக்குத் தெரியவில்லை. பதினாறு வருஷத்தில் நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவமானமாக இருந்தது. பிரெஞ்சு, மூணு வருஷம் என்றாள். அவள் அப்பா முன்னால் என் மானம் போக வேண்டாம் என்றுதான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லையாம்.

"தெரிஞ்சும் ஏன் என்னைக் கட்டிக்கிட்டே?"

கடைசிச் சட்டையை மடித்து என் கையில் வைத்தாள்.

"உங்களுக்கு முன்னாடி அஞ்சு பேர் வந்தாங்க. எல்லாரும் ஏதாவது பொய் சொல்லிட்டுத்தான் போனாங்க. சொல்லும்போது நடுங்கினது நீங்க ஒருத்தர்தான்."