சலவை நோட்டு

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லைக்கு அந்தப் பக்கம் நீங்க சுகமா இருக்கணும். இந்தப் பக்கம் நாங்க சுகம். என்னை ஊமைக்கோட்டான் என்று கூப்பிடுவதை இனி எல்லாரும் நிறுத்திக்கொள்ளலாம்.

நாங்க வாடகைக்கு இருக்கும் கடையை நமக்கே வாங்கக் கொண்டுவந்த பணத்தைக் கால்சட்டைப் பையில் விட்டு, அதை நம் சலவைக் கடையிலேயே துவைக்கப் போட்டு, பஸ் ஏறிய பிறகு போன் பண்ணினீங்களே, அதற்குள் மெஷின் சுற்றி முடித்துவிட்டது. திறந்தால் ஒரு கால்சட்டைக்குள் உங்க நாட்டு நோட்டுக் கட்டு, குளித்த குழந்தை மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். நான் ஒவ்வொன்றாகப் பிரித்து, கிளிப் போட்டுக் காயவைத்து, மேலே துணி விரித்து இஸ்திரியும் போட்டேன். அட்வான்ஸ் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். தவறினால் கடை வேறொருவருக்கு. அம்மாவுக்குக் கைகால் ஓடவில்லை, நானே பேங்குக்குப் போனேன்.

கவுண்டர்காரர், "எல்லாம் சலவை நோட்டா இருக்கே!" என்று சிரித்தார். புது நோட்டைச் சொல்கிறார் என்று எனக்கெங்கே தெரியும்? "ஆமா சார், நான்தான் சலவை பண்ணேன்" என்றேன். சிரிப்பு நின்றது. மேனேஜர் வந்து என்னைக் கண்ணாடி அறைக்குக் கூட்டிப் போனார்.

"யார் சொல்லிப் பண்ணே?"

"யாரும் சொல்லல சார். எங்க தொழிலே இதுதான்."

"எங்க வச்சு?"

"பஸ் ஸ்டாண்டு எதிர்ல. போர்டு வச்சிருக்கோம்."

"போர்டா!" அவருக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. பிறகு சொன்னார்: "தப்பா வந்த பணத்தோட பூர்வீகத்தை மறைக்கிறதுதாம்மா சலவை. சுங்கத்துல எழுதிக்காட்டி எல்லை தாண்டிக் கொண்டுவந்த பணம்னா அது வேற."

அப்போதுதான் மாமா, என் வாய் திறந்தது. "அப்போ எங்க மாமா பணத்துல அழுக்குதான் சார் போச்சு, பூர்வீகம் போகல" என்று நீங்க அம்மாவிடம் கொடுத்த சுங்கச் சீட்டை மேசைமேல் வைத்தேன். எண்ணிப் பார்த்தார். சீட்டில் எழுதியதைவிட ஒரு நோட்டு குறைவு.

"துவைச்சா கொஞ்சம் சுருங்கும் சார்" என்றேன்.

அறையே சிரித்தது. பணம் உங்க கணக்கில் ஏறியது, அட்வான்ஸும் போய்ச் சேர்ந்தது. கடைச் சாவி இப்போது என் இடுப்பில்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்க, குட்டிப் பயலுக்கு ஒரு முத்தம். எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருங்க.

இப்படிக்கு,
வாயுள்ள உங்க அக்கா மகள்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது அம்மா துவைக்காத மூட்டையிலிருந்து உங்க கால்சட்டையை எடுத்து வந்தாள். பையில் உங்க பணம் அழுக்காக, ஒரு நோட்டும் குறையாமல் இருக்கிறது. வாசலில் கறுப்புக் கண்ணாடிக்காரர் ஒருவர் தன் கால்சட்டையைக் கேட்டு நிற்கிறார். பையில் என்ன இருந்தது என்று கேட்டால் மட்டும் வாயே திறக்கவில்லை. மாமா, மேனேஜர் முதலில் சொன்னாரே ஒரு சலவை, நான் பண்ணியது அதுதான் போலிருக்கு.