தலகணி மிஸ்ஸியும் ஒரு ரம்புட்டான் கொட்டையும்

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் சுறாவுக்குப் பயப்படாத ஆம்பிளைகள் நிறையப் பேர் உண்டு. தலகணி மிஸ்ஸிக்குப் பயப்படாத தகப்பன் ஒருவன்கூடக் கிடையாது.

ஆஸ்பத்திரித் தாதியாக இருந்தவர், ஓய்வு பெற்ற கையோடு ஒரு தலகணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர்வலம் புறப்பட்டார். பிள்ளை இருக்கும் வீடு, பிள்ளை பிறக்கப்போகும் வீடு எதுவும் தப்பாது. தலகணியைத் தரையில் போட்டு, இதுதான் பிள்ளையின் நெஞ்சு என்று சொல்லி, தகப்பனை முழங்காலில் இருத்தி அமத்த வைப்பார். பிறகு அதையே மடியில் கவிழ்த்து முதுகில் அடிக்கச் சொல்வார். ஒருமுறை தாலி கட்டிய மாப்பிள்ளையைப் பட்டு வேட்டியோடு மணவறைக்குப் பக்கத்திலேயே இருத்திவிட்டார். வீடியோக்காரர் அதையும் விடாமல் எடுத்தார்.

"பிள்ளை பெறத் தெரியுது, மூச்சு நிண்டால் என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை" என்பதுதான் எங்களுக்கெல்லாம் அவர் தந்த ஆசீர்வாதம். தலகணியின் நுனி தெரிந்தாலே நான் அடுத்த ஒழுங்கையால் ஓடிவிடுவேன். அப்படியும் நாலைந்து தடவை பிடிபட்டேன்.

போன ரம்புட்டான் காலத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம். மூன்று வயது மகள் ஒரு பழத்தை வாயில் போட்டபடி ஓடிவந்தவள் சட்டென்று நின்றாள். இருமவில்லை. அழவில்லை. இரண்டு கையும் கழுத்தைப் பிடித்திருந்தன.

திரியாயிலிருந்து வந்திருந்த மாமி, ஆரோ பிள்ளையை நினைக்கினம் என்று உச்சியில் தட்டினார். மச்சான் செம்பு நிறையத் தண்ணீரோடு ஓடிவந்தார். மனைவி மிஸ்ஸிக்குப் போன் அடித்தாள். மிஸ்ஸியோ குச்சவெளியில் எந்தப் பாவியை முழங்காலில் இருத்தியிருந்தாரோ, எடுக்கவில்லை. பிள்ளையின் உதடு கறுத்துக்கொண்டு வந்தது.

அப்போதுதான் மிஸ்ஸியின் அதட்டல் என் காதில் கேட்டது: "சத்தம் வந்தால் இருமவிடு. சத்தமில்லையெண்டால் அடி."

செம்பைத் தட்டிவிட்டு, மச்சானை அம்புலன்சைக் கூப்பிடச் சொன்னேன். பிள்ளையை முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து அடி அடித்தேன். ஒன்றும் வரவில்லை. மாமி என்னைக் கொலைகாரன் என்று கத்தினார். பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே பொத்திய கையை வைத்து, உள்ளுக்கும் மேலுக்குமாக இழுத்தேன். திரும்பவும் இழுத்தேன். அடுத்த இழுப்பில் கொட்டை தெறித்துச் சுவரில் பட்டது. பிள்ளை வீரிட்டு அழுதாள். அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

டொக்டரிடம் காட்டிவிட்டு வீடு திரும்பினால், விஷயம் கேள்விப்பட்டு வாசலில் மிஸ்ஸி தலகணியோடு நிற்கிறார். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"தலையைக் கீழ பதிவாச் சாய்ச்சனீங்களோ?"

"ஓம் மிஸ்ஸி."

"வாய்க்குள்ள விரலை விட்டுத் தோண்டினனீங்களோ?"

"இல்லை மிஸ்ஸி."

அவ்வளவுதான் விசாரணை, நான் தேறிவிட்டேன். பிறகு மாமியை முழங்காலில் இருத்தினார். மாமி தலகணியை அமத்து அமத்தென்று அமத்தினார்.

அது முடிவதற்குள் மகளுக்கு நித்திரை வந்துவிட்டது. மாமி கையை எடுத்ததும் அந்தத் தலகணியிலேயே தலையை வைத்துச் சரிந்தாள். ஊரிலுள்ள தகப்பன்மார் எல்லாருடைய அடியையும் வாங்கிய தலகணி அது. மெதுவாக உருவப் போனேன். மிஸ்ஸி என் கையைத் தட்டிவிட்டார்.

"படுக்கட்டும்" என்றார். பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, முதல்முறையாக வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்.