தபால்காரருக்கும் ஒரு பாட்டு வேண்டும், மாமா

அன்பும் பயமும் சரிபாதி கலந்த பெரிய மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் எழுதுவது. இங்கே அம்மா நலம், அப்பா நிற்கிறார், நான் திட்டு வாங்கத் தயாராக இருக்கிறேன். நீங்கள் நலமா என்று கேட்கப்போவதில்லை. நேற்று மதியக் காட்சியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து உள்ளங்கை சிவக்கக் கைதட்டினீர்களே, அந்தக் கைக்கு நலக்குறைவு இருக்க வாய்ப்பில்லை. அந்தக் கைதட்டலைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வியாழக்கிழமை ஒத்திகைக் கூடத்துப் பலகையில் நீங்கள் ஒட்டிய, அடுத்த வாரம் முதலான புதிய காட்சிப் பட்டியலைப் படித்தேன். 'தபால்காரர் வருகிறார்' என்று இருந்த மூன்று இடத்திலும் இப்போது 'கதவின் அடியில் கடிதம் நுழைகிறது' என்று இருக்கிறது. பதினோரு வருஷமாக அந்தத் தபால்காரர் என் அப்பா. அவருக்குப் பதிலாக ஒரு கதவிடுக்கு! வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அண்ணன் எதைச் செஞ்சாலும் ஒரு காரணம் இருக்கும்டி" என்றாள்; சொல்லிவிட்டு, எந்தக் காரணமும் இல்லாமல் கழுவி வைத்த தட்டுகளை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

மாமா, உங்கள் நாடகத்தில் எல்லோருக்கும் பாட்டு இருக்கிறது. கதாநாயகருக்கு வேலை கிடைத்தால் பாட்டு, கதாநாயகிக்குக் காதல் போனால் பாட்டு, மூன்றாம் மாடித் தாத்தாவுக்கு மகன் வரமாட்டான் என்று தெரிந்தால் பாட்டு. இத்தனை பாட்டும் எதனால் வருகிறது? கடிதத்தால். கடிதம் யாரால் வருகிறது? அப்பா அவர் பாட்டுக்கு வருகிறார், அவர் பாட்டுக்கு நீட்டுகிறார், அவர்கள் பாடி முடிக்கும்வரை அவர் பாட்டுக்குக் கதவோரம் நிற்கிறார், அவர் பாட்டுக்குப் போகிறார். அவர் பாட்டுதான் எங்கேயும் காணோம். உங்கள் நாடகம் மட்டும் என்றில்லை, நான் பார்த்த எல்லா இசை நாடகத்திலும் இதே கதைதான். வைத்தியர் வந்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார், விதவை பத்து நிமிஷம் பாடுவாள். அந்த வைத்தியர் வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிட்டார் என்று ஒருத்தரும் ஒரு வரி எழுதியதில்லை. ஈட்டியோடு நிற்கும் காவலாளிக்கு ராஜா பாடும்போது மூக்கு அரித்தால்கூடச் சொந்தமாகச் சொறிந்துகொள்ள முடியாது. அப்பாவுக்கு இது பழக்கம்தான். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில், கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் குச்சியோடு நிற்பார், மற்றவர்கள் வாசிப்பார்கள். அங்கேயும் அவருக்கு வசனம் இல்லை. "அடுத்த வரி" மட்டும்தான்.

எனவே நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு காரியம் செய்தேன். மேடையில் பிரிக்கும் கடிதங்களில் பாடுகிறவர்களின் பாட்டு வரிகளே எழுதியிருக்கும் என்பதும், அதைப் பார்த்துத்தான் அவர்கள் பாடுகிறார்கள் என்பதும் உங்களுக்கும் எனக்கும் தெரியும், சனங்களுக்குத் தெரியாது. அதை எழுதுவது அப்பா. மேடையில் கண்ணாடி போடமாட்டேன் என்கிற கதாநாயகிக்குப் பெரிய எழுத்து, தாத்தாவுக்கு அதைவிடப் பெரிய எழுத்து. கசங்கிப் போனால் எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து இஸ்திரி போடுவார். அந்தத் தாள்களை உருவிவிட்டு, மூன்று உறையிலும் என் தாளை வைத்தேன். 'பதினோரு வருஷமாக உங்களுக்குக் கடிதம் கொண்டுவருகிறவர் கதவருகே நிற்கிறார். இன்று அவரைப் பாடச் சொல்லுங்கள்.'

மதியம் மேடையில் கதாநாயகர் உறையைப் பிரித்தார். வாயும் பிரிந்தது. கீபோர்டுக்காரர் தொடக்க இசையை ஒருமுறை வாசித்தார், மறுமுறை வாசித்தார், மூன்றாம் முறை வாசிக்கும்போது அவருக்கே அழுகை வந்துவிட்டது. நான் பக்கவாட்டில் நின்று, 'இப்போ அப்பா பாடுவார், இப்போ பாடுவார்' என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்பா பாடவில்லை. பைக்குள் எதையோ தேடுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார். உதடு அசையாமல், எழுத்துப் பலகைக் குரலில், ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுத்தார். கதாநாயகர் அதைப் பிடித்துக்கொண்டு என்றைக்கும் இல்லாத சோகத்தோடு பாடினார். கதாநாயகி உறையைப் பிரித்தார், உற்றுப் பார்த்தார், அழுதுகொண்டே கதவுக்கு ஓடி அப்பா தோளில் காதை வைத்துக்கொண்டார். தாத்தா இன்னும் கெட்டிக்காரர். பிரிப்பதற்கு முன்பே அப்பா பக்கத்தில் போய் நின்றுவிட்டார். நீங்கள் இடைவேளையில் உள்ளே வந்து, "கதவுகிட்ட போய் அழுதீங்களேம்மா, பிரமாதம்! அதையே வச்சுக்குங்க" என்று கதாநாயகியிடம் சொன்னீர்கள். பக்கத்தில் பையோடு நின்றவரிடம், "மாப்பிள்ளை, கொஞ்சம் வழி விடுங்க" என்றீர்கள்.

அப்பாவுக்குப் பாட்டு வாங்கித் தரப் போய், மூன்று பேருக்கும் மறுபடி பாட்டு வாங்கித் தந்ததுதான் மிச்சம். வீட்டுக்கு வரும் வழியில் அப்பா திட்டவே இல்லை. "எழுத்தை இன்னும் பெரிசா எழுதியிருக்கணும். அந்தம்மாவால வாசிக்கவே முடியல, அதான் அழுதிருச்சு" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

ஆகவே, மாமா, அந்தக் கதவிடுக்கை அடைத்துவிட்டு அப்பாவுக்கு ஒரு பாட்டு எழுதுங்கள். நான்கு வரி போதும். இல்லையென்றால் உங்கள் இரக்கமின்மையை நான் ஊரெல்லாம் பாடுவேன். என் குரல் உங்களுக்குத் தெரியும்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் கைகளுக்கு ஓய்வும், பேனாவுக்கு வேலையும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தலைவலி

பி.கு: இந்தக் கடிதத்தை, உங்களிடம் கொடுக்கச் சொல்லி அப்பாவிடமே நீட்டினேன். "பதினோரு வருஷமா கடிதம் குடுக்குறேன், ஒண்ணுலகூட என்னைப் பத்தி இருந்ததில்ல. காட்டு" என்று வாங்கி, நின்றபடியே முழுக்கப் படித்தார். பிறகு உட்கார்ந்தார்.

"மாமாவைத் திட்டாதடா கண்ணு. கதவிடுக்கு யோசனை அவரோடது இல்ல, என்னோடது."

"உங்களோடதா?"

"போன மாசம் பேச்சுவாக்குல சொன்னேன். 'இனிமே நான் எதுக்கு மச்சான், கதவு அடியில தள்ளிவிட்டாப் போதுமே'ன்னு."

"ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"சும்மா சொல்லிப் பார்த்தேன். 'அப்படியெல்லாம் சொல்லாதீங்க மாப்பிள்ளை'ம்பாருன்னு நினைச்சேன். 'நல்ல யோசனையா இருக்கே'ன்னு எழுதிக்கிட்டாரு."

எனவே, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள், மாமா. பாட்டு வேண்டாம். நாளை அப்பா இதைக் கொண்டுவந்து நீட்டிவிட்டு, நீங்கள் படித்து முடிக்கும்வரை கதவோரம் நிற்பார். படித்து முடித்ததும் அவர் நினைத்த அந்த ஒரு வரியை மட்டும் சொல்லிவிடுங்கள். அதற்கு மெட்டுகூட வேண்டாம்.