துணைவேந்தருக்குத் திறக்காத நூலகம்

"இன்னும் சுத்துதா மிஸ்?" என்று கேட்டார் இக்னேசியஸ்.

"சுத்துது அண்ணே" என்றாள் தனுஜா.

திரையின் நடுவே ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. காலையில் வந்ததிலிருந்து இதே கதைதான். பத்து மணிக்குத் துணைவேந்தர் வந்து மலையக டிஜிட்டல் நூலகத்தைத் திறந்து வைக்க வேண்டும். நூலகமோ யாருக்கும் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

இலங்கை மலையகத்தில், அட்டனுக்கு மேலே தேயிலைக்கு நடுவில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் தனுஜா உதவி நூலகர். வேலை தற்காலிகம். லிந்துலைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் என்பதால் தோட்டம் தோட்டமாக உரிமையோடு ஏறி இறங்கினாள். கோவில் திருவிழா நோட்டீஸ், தொழிற்சங்கத்துத் துண்டுப் பிரசுரம், சுவரில் தொங்கிய கல்யாணப் படம், காமன் கூத்துப் பாட்டு என்று கிடைத்ததையெல்லாம் படியெடுத்துச் சேர்த்தாள். கேட்ட வீட்டிலெல்லாம் தேத்தண்ணியும் கொடுத்தார்கள், படமும் கொடுத்தார்கள்.

துணைவேந்தர்தான் அசையவில்லை. கணிதப் பேராசிரியராக இருந்தவர். எண்ணிக் காட்ட முடியாத எதையும் நம்பமாட்டார்.

"இதையெல்லாம் யார் பார்க்கப் போறாங்க? பார்க்க ஆள் இருந்தா உங்க வேலையை நிரந்தரமாக்குறேன். இல்லாட்டி அந்த அறைய வேற எதுக்காவது கொடுத்துடுவோம்" என்று கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்.

நூலகம் முழுவதும் அறையின் மூலையில் இருந்த ஒரு பழைய கணினிப் பெட்டிக்குள் இருந்தது. இக்னேசியஸ் அதைத் தொட்டுப் பார்த்தார். வளாகத்துக் கணினிகளுக்கெல்லாம் அவர் ஒருவர்தான் வைத்தியர்.

"சூடாயிருச்சு மிஸ். அதான் இழுக்குது. கொஞ்சம் காத்து படட்டும்."

அட்டன் குளிரில் இருவரும் ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் ஜன்னலைத் திறந்தார். காற்று வரவில்லை, பனிமூட்டம் வந்தது. வந்தது நேராகப் போய் ஸ்கேனர் கண்ணாடியில் படிந்தது.

ஜன்னலைச் சாத்திவிட்டுப் பெட்டியை அணைத்து மறுபடி போட்டார். பக்கம் திறந்தது. தனுஜா பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் வட்டம் மறுபடியும் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அம்மா காளியாயி போனில் வந்தாள்.

"புள்ள, லொறியில ஏறிட்டோம். ஒன் லைப்ரரி தொறப்புக்கு லயமே வருது. இன்னைக்குப் பெரட்டுக்குப் பேர் குடுக்க ஒருத்தரும் போகல்ல."

"அம்மா, இங்க வந்து பார்க்குறதுக்கு ஒண்ணுமே..."

வளைவில் சிக்னல் போய்விட்டது.

தனுஜா மறுபடி அழைத்துப் பார்த்தாள், கிடைக்கவில்லை. நேற்று மாலைதான் நூலகத்தின் இணைய முகவரியை அம்மாவின் போனுக்கு அனுப்பியிருந்தாள். கும்பிடும் கை ஒன்று மட்டும் பதிலாக வந்தது. அம்மாவுக்கு விளங்கவில்லை என்று அப்போதே முடிவுகட்டிவிட்டாள். இப்போது வேலையை விட்டுவிட்டு ஒரு லயமே கட்டடம் பார்க்க வருகிறது. இங்கே இருப்பது ஒரு பெட்டியும் ஒரு வட்டமும்.

"அண்ணே, பெரிய லைப்ரரியில இருந்து ஒரு புத்தக அலுமாரி கொண்டு வாங்க. நிறையப் புத்தகத்தோட."

"டிஜிட்டல் லைப்ரரிக்கா மிஸ்?"

"எங்க ஆளுங்க வெறும் பெட்டியப் பார்த்துட்டா திரும்பிப் போறது?"

அலுமாரி வந்தது. அறைக்குள் இடம் போதவில்லை. மேசையைத் தூக்கி வெளியே வராந்தாவில் போட்டார்கள். மேசையோடு திரையும் வெளியே போனது. அலுமாரியைத் தள்ளிச் சுவரோடு ஒட்டிய பிறகுதான் கணினிப் பெட்டி அதற்குப் பின்னால் சிக்கிக்கொண்டது தெரிந்தது. இனி அணைத்துப் போடவும் வழியில்லை. அவசரத்தில் அள்ளிவந்த புத்தகங்களோ அத்தனையும் மாட்டு வைத்தியம்.

"அருமை" என்றார் வாசலில் வந்து நின்ற துணைவேந்தர். "டிஜிட்டல் நூலகத்துல நிஜப் புத்தகம், அதுவும் கோமாரி நோயப் பத்தி. திரை மட்டும் வராந்தாவுல."

தனுஜா வாயைத் திறப்பதற்குள் கீழே தப்பு மேளம் முழங்கியது. லொறி வந்துவிட்டது. சேலையும் ஸ்வெட்டருமாகப் பெண்கள் இறங்கினார்கள். கையில் தேங்காய்த் தட்டும் வெற்றிலையும். இன்னொரு கையில் போன். இறங்கியவர்களில் பாதிப் பேர் போனிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. பாவம், சிக்னல் தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

காளியாயி பெரிய மாலையோடு முன்னால் வந்தாள். துணைவேந்தர் மரியாதையாகக் குனிந்து கழுத்தைக் கொடுத்தார். அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போய் மகளுக்குப் போட்டாள்.

"கொழுந்து பறிக்கிறவ மக" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள்.

தனுஜாவுக்குப் பெருமை பொங்கியது. அந்தப் பெருமைக்கு ஈடாகக் காட்ட ஒரு பக்கம்கூட இல்லையே என்று அழுகையும் கூடவே வந்தது.

அம்மா அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "இந்த அலுமாரி எதுக்கு புள்ள?"

பதில் சொல்ல நேரமில்லை. துணைவேந்தர் குனிந்த கழுத்தை நிமிர்த்திக்கொண்டு மேசைக்கு வந்திருந்தார். விசையை அழுத்தினார். வட்டம் சுற்றியது. இன்னொரு தரம் அழுத்தினார். அது பாட்டுக்குச் சுற்றியது. தப்பு தானாக நின்றது.

"தனுஜா, நான் ஒரு ஆள். எனக்கே இது திறக்கல்ல" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "இதுக்கு வாசகர் எங்க இருந்து வரப் போறாங்க, சொல்லுங்க."

அவள் மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இக்னேசியஸ் அலுமாரியைப் பார்த்தார்.

கூட்டத்துக்குப் பின்னால் லொறியில் சாய்ந்து நின்ற டிரைவர் செல்லசாமிதான், கையிலிருந்த போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"கோவிச்சுக்காதீங்க சேர், லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் பூரா விடியக்காலையில இருந்து காளியாயி அனுப்புன இந்த லைப்ரரிக்குள்ளதான் அவங்கவங்க வீட்டுப் படத்தத் தேடிக்கிட்டு இருக்கு, நாங்க கொஞ்சப் பேரு வெளிய வந்தாத்தான் ஒங்களுக்கு உள்ள எடம் கெடைக்கும்."