லைனருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை

நம் ஆட்கள் புதுப் பொருள் வாங்குவது பயன்படுத்த அல்ல, பத்திரமாக வைத்திருக்க. எங்கள் வீட்டு டிவி ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை உண்டு. ஃபிரிட்ஜ் கதவில் கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கர், ஃபிரிட்ஜ் செத்துப்போன நாள் வரை அதில்தான் இருந்தது. ஊருக்குப் போகும்போது பெட்டிக்கு உறை மாட்டி, அந்த உறை அழுக்காகக் கூடாதென்று ஏர்போர்ட்டில் அதன்மேல் பிளாஸ்டிக் சுற்றச் சொன்னவன் நான். (சுற்றியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டுமே.)

இப்படிப்பட்ட ஆசாமி ஒரு பிக்கப் வண்டி வாங்கினான்.

அதற்கு முன் என் உத்தியோகத்தைச் சொல்லிவிட வேண்டும். பிறகு என் மானம் போகப்போவது அதை வைத்துத்தான். துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். பாத்ரூம் டைல்ஸ்மேல் தண்ணீர் ஊற்றி, கருவி வைத்து, கால் வழுக்குமா வழுக்காதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. கும்பகோணத்திலிருக்கும் என் மாமனார் இதைத் தெருத்தெருவாகச் சொல்லி வைத்திருந்தார். "எங்க மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டா, அந்த டைல்ஸ்ல எவனும் வழுக்கி விழ முடியாது" என்பார். கேட்கும்போது எனக்கே கொஞ்சம் கர்வமாக இருக்கும்.

பிக்கப் பழசுதான். வேலையை விட்டு ஊர் திரும்பிய ஒரு நண்பரிடம் வாங்கினேன். மனைவி மாலதி கார் கேட்டிருந்தாள்.

"பிக்கப்னா எல்லாத்துக்கும் உதவும்" என்றேன்.

"எல்லாத்துக்கும்னா?"

"எல்லாத்துக்கும்தான்."

வாங்கிய மறுநாளே கவலை வந்துவிட்டது. பின்பக்கத் தொட்டியில் சாமான் ஏற்றினால் கீறல் விழுமே. அதற்கென்று உள்ளே போடும் கவசம் ஒன்று இருக்கிறது. பெட் லைனர் என்பார்கள். சும்மா விரித்துவிடும் ரப்பர் விரிப்பு ஒரு வகை. தார் ரோடு மாதிரி சொரசொரவென்று தெளித்து ஒட்டவைக்கும் பூச்சு இன்னொன்று. தொட்டிக்குள் தொட்டியாக அப்படியே உட்காரும் பிளாஸ்டிக் லைனர் மூன்றாவது. வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். டியூட்டி முடிந்து வந்து பார்த்தேன், சாப்பிடும்போது பார்த்தேன். எனக்குப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு யோசிக்கவில்லை. (இதை மாலதியிடம் சொன்னது தனித் தவறு.)

"வண்டியே பழசு. அதுல ஏற்கெனவே இருக்கிற கீறலை எதுக்குங்க பாதுகாக்கணும்?" என்றாள் அவள்.

சொரசொரப்பான பூச்சு எனக்குப் பிடிக்கவில்லை. அழுக்கு ஒட்டும். பிளாஸ்டிக் லைனர் கன்னங்கரேலென்று, முகம் பார்த்துத் தலை வாரலாம் போலப் பளபளத்தது. தொட்டுப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று இருந்தது. தினமும் வழுக்கலை அளந்து சம்பளம் வாங்குகிறவன் அப்போதாவது யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. அது ஆபீஸ் மூளை, லீவு நாளில் வேலை செய்யாது.

கடையில் லைனரைப் பொருத்திய மலையாளி, அதன்மேல் ஒட்டியிருந்த மெல்லிய கண்ணாடித் தாளின் ஓரத்தில் நகத்தை வைத்தார். "சாரே, ஈ ஃபிலிம் இளக்கிக் களையட்டே?"

உரித்துப் போட்டுவிடட்டுமா என்கிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேண்டாம் சேட்டா. இருக்கட்டும்."

ஆக, வண்டியைக் காக்க லைனர், லைனரைக் காக்க ஃபிலிம். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்தச் சமயம் மாலதியின் தங்கை காயத்ரி ஷார்ஜாவில் மாசமாக இருந்தாள். பாவம், வாந்தியிலேயே பாதி உடம்பாகிவிட்டாள். எதைத் தின்றாலும் தங்காது, முகத்தில் சிரிப்பே இல்லை. வளைகாப்புக்காக மாமனாரும் மாமியாரும் விசிட் விசாவில் வந்து எங்கள் வீட்டில் தங்கினார்கள். காயத்ரி போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அம்மா, உன் கையால பருப்புப் பாயசம்." மாமியார் எங்கள் சமையலறையில் அண்டா நிறையப் பாயசம் வைத்தார். கூடவே புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம். எல்லாவற்றையும் ஷார்ஜாவில் ஒரு ஹாலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

"எல்லாத்துக்கும் உதவும்னு சொன்னேனே" என்று மாலதியைப் பார்த்தேன்.

ஏற்றும்போது ஒரு கவலை வந்தது. பாயசம் சிந்தினால் ஃபிலிம் கெட்டுவிடுமே. இங்கே தரையில் உட்கார்ந்து சாப்பிட விரிப்பார்களே, அந்த மெல்லிய பிளாஸ்டிக் சுஃப்ரா, அதை நீளமாக வெட்டி விரித்தேன். அதன்மேல் பாத்திரங்கள்.

மாமனார் கயிறு எடுத்து வந்தார். "கட்டிடுவோமா மாப்பிள்ளை?"

"வேண்டாம் மாமா. கயிறு உரசினா லைனர் ஓரத்துல கோடு விழும்."

வழுக்கல் நிபுணரே சொன்ன பிறகு அவர் என்ன பேசுவார்? பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மாலதியும் மாமியாரும் வளையல், சீர்த்தட்டுகளோடு என் சகலையின் காரில் முன்னால் போய்விட்டார்கள்.

முதல் ரவுண்டபவுட்டில் பின்னாலிருந்து 'டொம்' என்று ஒரு சத்தம். பிரேக் போட்டேன். இன்னொரு 'டொம்', இந்தமுறை முதுகுக்குப் பின்னாலேயே. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். சத்தம் கடைசிக்குப் போனது.

"மாப்பிள்ளை, பின்னாடி பாத்திரமெல்லாம் நடமாடுதே" என்றார் மாமனார்.

"புதுசு மாமா, செட் ஆகணும்" என்றேன். (என்ன செட் ஆகணும்? இன்றுவரை எனக்குத் தெரியாது.)

அடுத்த வேகத்தடையில் அண்டாவின் மூடி பறந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். ஓரங்கட்டி நிறுத்தி, ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. அதுவரை அணைகட்டி நின்ற பாயசம் என் பேண்ட்டில் இறங்கியது. உள்ளே புளியோதரையும் எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் ஒரே குடும்பமாகியிருந்தன. பாயச அண்டா சாய்ந்து, விரிப்போடு சேர்ந்து என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.

நான் சுதாரிப்பதற்குள் மாமனார் வேட்டியை மடித்துக் கட்டி ஏறிவிட்டார். அந்த வயதில் அப்படி ஒரு வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அண்டாவை நிமிர்த்தினார். நிமிர்ந்தது. அவர் கால் நிமிரவில்லை. ஃபிலிம், சுஃப்ரா, பாயசம் மூன்றும் சேர, அண்டாவை மார்போடு கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்து, சறுக்கி, நிதானமாகப் பின்கதவு ஓரம் வரை வந்து நின்றார். பிடியை மட்டும் விடவில்லை.

அடிபட்டதா என்று கேட்க வேண்டும். கை கொடுக்க வேண்டும். ஆனால் என் கண் முதலில் போனது லைனருக்கு. அதை அவர் பார்த்துவிட்டார்.

"லைனருக்கு ஒண்ணும் ஆகலையே மாப்பிள்ளை?" என்று கேட்டார், பாயசத்தில் உட்கார்ந்தபடி. அதில் துளிக் கிண்டல் இல்லை. நிஜமான அக்கறையோடு கேட்டார். அந்த இடத்தில் பூமி பிளந்தால் முதல் ஆளாக உள்ளே குதித்திருப்பேன்.

ஹாலில் மாலதி வாசலிலேயே நின்றிருந்தாள். "புளியோதரை எங்கங்க?"

"எலுமிச்சை சாதத்துல இருக்கு."

"பாயசம்?"

என் பேண்ட்டைக் காட்டினேன். அவளே அண்டாவை எட்டிப் பார்த்தாள். மாமனார் கட்டிப்பிடித்துக் காப்பாற்றியதில் அடியில் ஒரு டம்ளர் மிச்சம் இருந்தது. அதை ஊற்றிக் கொண்டுபோய் காயத்ரியிடம் கொடுத்தாள். காயத்ரி குடித்தாள். டம்ளரைத் தாழ்த்தியபோது எதிரே அப்பா, பட்டு வேட்டியில் பருப்பும் முந்திரியுமாக நின்றிருந்தார். சிரிக்க ஆரம்பித்தாள். வளையல் அடுக்கும்போதும் சிரிப்பு நிற்கவில்லை. குடித்தது வயிற்றில் தங்கியது. கலந்துபோன சாதத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். மாமியார் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது. அழுதால் அதற்கும் கேலி செய்வார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மாலதி நேராக பிக்கப்புக்குப் போய், ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பில் ஃபிலிமை உரித்தாள். என் தோலை உரித்தது போலிருந்தது. அடியில் லைனர், கடையில் பார்த்த அதே பளபளப்போடு இருந்தது.

போன லீவில் கும்பகோணத்து வீட்டுப் பாத்ரூமுக்கு டைல்ஸ் மாற்றினார்கள். வழுக்காது என்று நானே கையெழுத்துப் போட்ட ரகத்தில் ஒரு சாம்பிள் டைல் வாங்கிப்போயிருந்தேன். மாமனார் அதை முற்றத்தில் வைத்துத் தடவிப் பார்த்தார். பின்னால் ஒட்டியிருந்த சீட்டில் என் கையெழுத்தைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி மாமியாரைக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டுட்டார். எதுக்கும் கொஞ்சம் பாயசம் வை. ஊத்தி நின்னு பார்த்துடுவோம்."